என்ஜின் இறக்கிய வண்டிக்கு முதல் பத்து நாள் அரை வாடகை!

பெங்களூரில் ஆட்டோ டிரைவர்களின் கஷ்டம் பற்றி எழுதுவது புதிதல்ல. மீட்டர் கட்டணம், போலீஸ் அபராதம், கேஸ் பங்க் வரிசை, ஆப் கம்பெனிகளின் கமிஷன் என்று பலரும் எழுதிவிட்டார்கள். 2023 ஜூனில் கர்நாடக அரசு பெண்களுக்கு இலவச பஸ் பயணம் கொண்டுவந்தது. அதனால் சவாரி குறைந்தது என்று சொல்லி அந்த ஆண்டு செப்டம்பர் 11-ந் தேதி தனியார் வாகனக்காரர்கள் பந்த் நடத்தினார்கள். அப்போதும் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாகச் செய்தி வந்தது.

ஆனால் நான் பார்த்த கோரிக்கைப் பட்டியல் எதிலும் இல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. கேட்டால் சின்ன விஷயம் போலத் தோன்றும். அதில் சிக்கி அட்வான்சை இழந்தவர்களுக்குத்தான் அது சின்ன விஷயம் இல்லை என்று தெரியும்.

என்ஜின் இறக்கி வேலை பார்த்து வெளியே வந்த வண்டியின் முதல் பத்து நாள் யார் கணக்கு? ஓனர் கணக்கா? டிரைவர் கணக்கா?

இன்று அது டிரைவர் கணக்கில்தான் எழுதப்படுகிறது. இது நியாயம் இல்லை என்பது என் கருத்து. நியாயம் இல்லை என்பது மட்டும் அல்ல, ஓனருக்கே நஷ்டம் என்றும் சொல்லுவேன்.

நான் மெக்கானிக் அல்ல. ரெயில்வேயில் குமாஸ்தா. பேனா பிடித்துப் பிழைப்பவன். ஆனாலும் நான் குடியிருக்கும் தெருவில் இரவு பத்து மணிக்குமேல் வரிசையாக ஆட்டோக்கள் வந்து நிற்கும். தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, வேலூர் பக்கத்தில் இருந்து வந்தவர்கள் பாதி. தாத்தா காலத்திலேயே வந்து இங்கேயே பிறந்தவர்கள் பாதி. பெரும்பாலும் வாடகை வண்டிதான். ஓனரிடம் அட்வான்ஸ் கட்டி, நாள் வாடகை கொடுத்து ஓட்டுகிறார்கள். அவர்களுடைய வழக்குகள் பஞ்சாயத்துக்கு வரும்போது, நாலு எழுத்து படித்தவன் என்று என்னையும் கூப்பிடுவார்கள்.

அப்படி வந்த ஒரு வழக்கைச் சொல்லுகிறேன். பெயர்கள் வேண்டாம்.

ஒரு தம்பி, ஊத்தங்கரைப் பக்கம். வாடகை ஆட்டோ. வண்டி நீலப் புகை விட்டது, ஆயில் குடித்தது, மேட்டில் இழுக்கவில்லை. ஓனர் என்ஜினை இறக்கி, போரிங் செய்து, புது பிஸ்டன், புது ரிங் போட்டார். செலவு முழுவதும் ஓனர்தான் செய்தார். அதுவரை சரி. வண்டி பட்டறையில் கிடந்த நாலு நாளும் தம்பிக்கு வருமானம் இல்லை. ஐந்தாம் நாள் வண்டி கைக்கு வந்தது. அன்றைக்கே முழு வாடகை ஆரம்பம்.

"மெதுவா ஓட்டுப்பா" என்று மெக்கானிக் சொன்னாராம். அவ்வளவுதான் சொன்னாராம். எத்தனை நாள் மெதுவாக, எவ்வளவு மெதுவாக என்று சொல்லவில்லை.

இரண்டாம் நாள் மாலை யஷ்வந்த்பூரில் ஒரு குடும்பம் ஏறியது. எலக்ட்ரானிக் சிட்டி போக வேண்டும். மூன்று பேர், நாலு மூட்டை. நாலு நாள் பட்டினிக்குப்பின் வந்த நல்ல சவாரி. யார் விடுவார்கள்? ஓசூர் ரோட்டில் சாலை கொஞ்சம் விட்டுக் கொடுத்ததும் தம்பி ஆக்சிலேட்டரை முழுக்க முறுக்கினார். பொம்மனஹள்ளி தாண்டுவதற்குள் என்ஜின் ஒரு முனகல் முனகி நின்றது. பிஸ்டன் ஜாம்!

ஓனர், "என் காசு போச்சு" என்று அட்வான்சைப் பிடித்துக் கொண்டார். மெக்கானிக், "நான் சொன்னேன், அவன் கேட்கவில்லை" என்றார். தம்பி, "மெதுவாக ஓட்டினால் வாடகையை யார் கொடுப்பது?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பஞ்சாயத்தில் இருந்த யாரிடமும் பதில் இல்லை. அட்வான்ஸ் போனது போனதுதான்.

உள்ளே என்ன நடக்கிறது?

புதிதாகப் போரிங் செய்த சிலிண்டரை லேத் பட்டறையில் பார்த்திருப்பீர்கள். உள்சுவர் கண்ணாடி போல வழவழப்பாக இருக்காது. குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்கள் இருக்கும். வேலை சுத்தமில்லை என்று சிலர் நினைத்து விடுகிறார்கள். அந்தக் கீறல்கள் வேண்டுமென்றே ஹோனிங் கல்லால் போடப்பட்டவை. அந்தக் கீறல்களில்தான் ஆயில் தங்கும்.

புது ரிங்கும் புதுச் சுவரும் முதல் நாளில் முழுக்க ஒட்டி நிற்பதில்லை. கீறல்களின் மேடுகளில் மட்டும்தான் தொட்டுக் கொள்கின்றன. ஓட ஓட அந்த மேடுகள் தேய்ந்து, ரிங் சுவரோடு பொருந்துகிறது. இதைத்தான் மெக்கானிக்குகள் "ரிங் செட் ஆகணும்" என்கிறார்கள். ரிங் செட் ஆனால்தான் மேலே எரியும் வாயு கீழே கசியாது. கீழே இருக்கும் ஆயில் மேலே ஏறி எரியாது. இந்தப் பொருத்தத்தின் பெரும்பகுதி முதல் சில நூறு கிலோமீட்டரில் முடிந்து விடுகிறது. அந்த நாட்களில் கெட்டது பிறகு தானாகச் சரியாவதில்லை.

பொருந்துவதற்கு முன்னால் முழு வேகமும் முழுப் பாரமும் கொடுத்தால், தொடும் மேடுகள் அளவுக்கு மீறிச் சூடாகின்றன. பிஸ்டன் அலுமினியம். சூட்டில் சட்டென்று பருக்கும். பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே இருப்பது ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு இடைவெளி. அதுவும் போய்விட்டால் உலோகம் உலோகத்தைப் பிடித்துக் கொள்கிறது. ஓசூர் ரோட்டில் நடந்தது அதுதான்.

இது பலருக்கும் தெரியும். தெரியாதது இதற்கு நேர் எதிரான இன்னொரு தவறு.

புது என்ஜின் என்று பயந்து, பூப்போல ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அரை மணி நேரம் ஸ்டாண்டில் ஐடிலிங்கில் விட்டு "சூடு பண்ணுகிறேன்" என்பார்கள். ஒரே வேகத்தில் மணிக்கணக்காக நகர்த்துவார்கள். இதுவும் கெடுதல். ரிங்கைச் சுவரோடு அழுத்திப் பிடிப்பது ரிங்கின் சொந்த விறைப்பு மட்டும் அல்ல. எரியும் வாயு ரிங்கின் பின்பக்கம் புகுந்து அதை வெளியே தள்ளுகிறது. என்ஜினுக்குக் கொஞ்சமாவது பாரம் கொடுத்தால்தான் அந்த அழுத்தம் வரும். பாரமே கொடுக்காவிட்டால் ரிங் தேயாது. சுவரில் இருக்கும் ஆயில் வெந்து, பீங்கான் பூச்சு போலப் படிந்துவிடும். பிறகு எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினாலும் அந்த ரிங் செட் ஆகாது. வண்டி நிற்காது, ஜாம் ஆகாது. ஆனால் மறுபடி நீலப் புகை! "என்ன என்ஜின் இறக்கினாயோ" என்று மெக்கானிக்குக்கு வசவு. மறுபடி பிரித்து, மறுபடி ஹோனிங் கல் போட்டால்தான் தீரும்.

ஊரில் புதுக் காளையை ஏருக்குப் பழக்குவதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். முதல் நாளே கரிசலில் ஆழ உழுதால் கழுத்து புண்ணாகும். தொழுவத்திலேயே கட்டிப் போட்டாலும் அது ஏர் பழகாது. பழகின மாட்டோடு ஜோடி சேர்த்து, மணல் பாங்கான நிலத்தில், காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் ஓட்டுவார்கள். என்ஜினுக்கும் ஏறத்தாழ அதே முறைதான்.

முதல் 500 கிலோமீட்டருக்கு ஆக்சிலேட்டரைப் பாதிக்குமேல் முறுக்கக் கூடாது. ஆனால் பாதிவரை முறுக்கத்தான் வேண்டும். வேகம் ஏற்றி, பிறகு ஆக்சிலேட்டரை விட்டு வண்டியைத் தானாக இறங்க விட வேண்டும். அப்படி விடும்போது சிலிண்டருக்குள் உண்டாகும் உறிஞ்சலில் ஆயில் கொஞ்சம் மேலே இழுபட்டு, தேய்ந்த தூளைக் கழுவுகிறது. ஒரே வேகம் கூடாது. டாப் கியரில் போட்டு என்ஜின் திணறத் திணற மேடு ஏற்றக் கூடாது. அரைமணி ஓட்டினால் கொஞ்சம் ஆறவிட வேண்டும். 500 தாண்டியபின் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, 1,000 கிலோமீட்டரில் முழு வேலைக்குக் கொண்டுவரலாம். அனுபவமுள்ள மெக்கானிக்குகள் பொதுவாகச் சொல்லும் கணக்கு இது. வண்டிக் கம்பெனியின் கையேட்டில் வேறு கணக்கு இருந்தால் அதையே பின்பற்ற வேண்டும்.

"இந்தக் காலத்து என்ஜினுக்கு இதெல்லாம் தேவையில்லை" என்று ஒரு வாதம் இருக்கிறது. தொழிற்சாலையில் இருந்து வரும் புது என்ஜினுக்கு அதில் ஓரளவு உண்மை உண்டு. அங்கே சிலிண்டர் சுவரின் கூர்மேடுகளை மெஷினிலேயே மழித்துத் தருகிறார்கள். நம் லேத் பட்டறையில் டிரில் மெஷினில் ஹோனிங் கல்லை மாட்டிக் கையால் பிடித்துச் செய்யும் வேலையும் அதுவும் ஒன்றாகுமா? ஜே.சி. ரோட்டில் பிளாக், பிஸ்டன், ரிங் சேர்ந்த கிட்டாக வாங்கிப் போடுவதும் இப்போது வழக்கமாகிவிட்டது. அதில் கம்பெனிச் சரக்கும் உண்டு, கம்பெனி அட்டைப்பெட்டி மட்டும் உள்ள சரக்கும் உண்டு. ரிங் செய்யும் தொழிற்சாலை யெலஹங்காவிலேயே இருக்கிறது. அந்த ஊரில் போலி ரிங் விற்கிறது என்றால் என்ன சொல்வது!

ரெயில் என்ஜினுக்கு ஒரு நியாயம்

நான் வேலை பார்க்கும் இலாகாவில் இந்த விஷயத்தை எப்படிச் செய்கிறார்கள் என்று சொன்னால் ஓனர்களுக்கும் புரியும்.

கிருஷ்ணராஜபுரத்தில் 1983-ல் தொடங்கிய டீசல் ஷெட் இருக்கிறது. நம்மவர்கள் பலர் வேலை பார்த்து ஓய்வு பெற்ற இடம். பாதைகள் மின்மயமாகி, டீசல் என்ஜின்களின் வேலை இப்போது குறைந்துவிட்டது. ஆனால் முறை மாறவில்லை. டபிள்யூ.டி.எம்.2 என்ற பழைய டீசல் என்ஜினை எடுத்துக் கொள்ளுங்கள். 16 சிலிண்டர். 2,600 குதிரைசக்தி. அதன் லைனர், பிஸ்டன், ரிங் மாற்றி மூடியதும் நேரே மெயில் வண்டியில் மாட்டி அனுப்ப மாட்டார்கள். நின்ற இடத்திலேயே லோடு பாக்ஸ் என்ற சாதனத்தோடு இணைப்பார்கள். என்ஜின் உண்டாக்கும் மின்சாரம் சக்கரங்களுக்குப் போகாமல், அந்த லோடு பாக்ஸில் உள்ள மின்தடைகளில் பாய்ந்து வெறும் சூடாகப் போகும். பயணியும் இல்லை, சரக்கும் இல்லை, வருமானமும் இல்லை. எரிவது ரெயில்வேயின் டீசல்.

டிரைவர் கைப்பிடியில் எட்டு நாட்ச் உண்டு. முதலில் ஐடிலிங். பிறகு ஒன்று. பிறகு இரண்டு. ஒவ்வொரு நாட்சிலும் கொஞ்ச நேரம். நடுநடுவே நிறுத்தி, பக்கவாட்டுக் கதவுகளைத் திறந்து, எந்த பேரிங் சுடுகிறது, எங்கே தண்ணீர் கசிகிறது, வடிகட்டியில் உலோகத் தூள் வந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். கடைசியில்தான் எட்டாவது நாட்ச். இவ்வளவுக்கும் பேப்பர் உண்டு. தேதி, நேரம், அளவுகள், கையெழுத்து எல்லாம் இருக்கும்.

இதில் நான் சொல்ல வருவது தொழில்நுட்பம் அல்ல. கணக்கு. அந்த என்ஜின் சம்பாதிக்காமல் ஓடிய மணிகளை எந்த லோகோ பைலட்டின் சம்பளத்திலும் பிடிப்பதில்லை. அது ரிப்பேர் செலவில் ஒரு பகுதி. அதுபோலத்தான் ஆட்டோவின் முதல் பத்து நாளும். பிஸ்டன் விலை, ரிங் விலை, லேத் கூலி, மெக்கானிக் கூலி எல்லாவற்றையும் ஓனர் கொடுக்கிறார். வேலையின் கடைசிப் பாகத்தை மட்டும் டிரைவர் தன் வயிற்றில் இருந்து கொடுக்க வேண்டுமா?

என்ஜின் வேலை பட்டறையில் முடிவதில்லை. பாதி வேலை ரோட்டில்தான் நடக்கிறது. அந்தப் பாதி வேலையைச் செய்பவர் டிரைவர். மெக்கானிக் கூலி வாங்குகிறார். டிரைவரோ கூலி வாங்காதது மட்டும் அல்ல, எதிரே பணமும் கட்டுகிறார்!

கணக்கு பார்ப்போம்

ஒரு உதாரணத்துக்கு நாள் வாடகை ரூ.350 என்று வைத்துக் கொள்வோம். என்ஜின் வேலைக்கு எல்லாம் சேர்த்து ரூ.15,000 ஆனது என்றும் வைத்துக் கொள்வோம். வண்டிக்கு வண்டி இது மாறும். ஒரு நாளைக்கு 100 கிலோமீட்டர் ஓட்டினால் பத்து நாளில் 1,000 கிலோமீட்டர். அந்தப் பத்து நாளுக்கு அரை வாடகை வாங்கினால் ஓனருக்குக் குறைவது ரூ.1,750. செலவு செய்த பணத்தில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. அந்த ரூ.1,750-ஐ மிச்சம் பிடிக்கப் போய் ரூ.15,000-ஐ ஓசூர் ரோட்டில் எரிக்கிறார்கள்.

டிரைவர் பக்கம் பாருங்கள். 2025 ஆகஸ்டில் ஏறிய மீட்டர் கட்டணப்படி முதல் 2 கிலோமீட்டருக்கு ரூ.36. அதற்குமேல் கிலோமீட்டருக்கு ரூ.18. அந்தக் கணக்கில் நல்ல வரும்படி வருவது நீண்ட சவாரியில்தான். என்ஜினைப் பழக்கும் நாட்களில் ஒருவர் விடவேண்டியதும் அந்த நீண்ட சவாரியைத்தான். மூன்று ஆள், மூட்டை முடிச்சு, மேடு, அவசரம் எல்லாவற்றையும் தவிர்க்க வேண்டும். நடுநடுவே வண்டியை ஆறவும் போட வேண்டும். முழு வாடகை தலைக்குமேல் நிற்கும்போது எந்த டிரைவர் இதைச் செய்வார்? பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம், வீட்டு வாடகை, ஊருக்கு மணியார்டர் போல மாதாமாதம் அனுப்பும் பணம் எல்லாம் நிற்கிறதே.

வாடகை பாதியானால் அவர் கேஸ் செலவு போக வீட்டுக்குக் கொஞ்சமாவது கொண்டு போகலாம். என்ஜினும் பிழைக்கும்.

ஓனர்கள் சிலரிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். ஒருவர் கேட்டார்: "அரை வாடகை விட்டால் அவன் மெதுவாக ஓட்டுவான் என்று என்ன நிச்சயம்? வாடகை குறைந்தது என்று இன்னும் இரண்டு சவாரி அதிகம் அடித்தால்?" நியாயமான கேள்விதான். அப்படிப்பட்ட ஆளும் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லமாட்டேன். அதற்குத்தான் கிலோமீட்டர் மீட்டர் இருக்கிறது. ஒரே நாளில் 100-க்குப் பதில் 180 ஓடியிருந்தால் முள்ளே காட்டிக் கொடுத்துவிடும். அப்போது முழு வாடகை கேளுங்கள். யாரும் தவறு சொல்லமாட்டார்கள்.

இன்னொன்றையும் ஓனர்கள் யோசிக்க வேண்டும். பல வண்டிகள் இரண்டு ஷிப்டு ஓடுகின்றன. பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர். என்ஜின் இறக்கிய பத்து நாளும் ஒரே ஆள்தான் ஓட்ட வேண்டும். இரண்டு கை பட்டால் இரண்டு பழக்கம். இரவில் காலிச் சாலையில் ஒருவர் முறுக்கியதற்குக் காலையில் மற்றவர் பழி சுமக்கிறார். ஷிப்டு இல்லாமல் உட்கார வேண்டிய மற்றவருக்கு என்ன வழி என்று கேட்பீர்கள். ஓனருக்கு வேறு வண்டி இருந்தால் அதில் மாற்றிக் கொடுக்கலாம். ஒரே வண்டிதான் என்றால், இருவரும் பேசி நாளை மாற்றி நாள் ஓட்டலாம். அதில் பழி யாருக்கு என்ற சிக்கல் முழுக்கத் தீராது என்பது உண்மை.

பெங்களூர் டிராபிக்கில் எப்படி?

முறை சொல்வது சுலபம். சில்க் போர்டு சிக்னலில் நின்றுகொண்டு முறையைக் கடைப்பிடிப்பது எப்படி என்று கேட்பீர்கள். உண்மைதான். இந்த ஊர் நெரிசல் புது ரிங்குக்கு இரண்டு வகையிலும் விரோதி. நிற்க வைத்தே ஐடிலிங்கில் சூடாக்கும். சாலை கிடைத்ததும் எல்லாரையும் முறுக்கச் சொல்லும்.

எங்கள் தெருவில் மூத்த டிரைவர் ஒருவர் செய்வது எனக்குப் பிடித்திருக்கிறது. என்ஜின் இறக்கிய பத்து நாளும் அவர் விடியற்காலை நாலு மணிக்கே வண்டி எடுத்துவிடுவார். சென்னை மெயில் வந்து சேரும் நேரம். சிட்டி ஸ்டேஷனில் நம் ஊர்ப் பயணிகள் இறங்குவார்கள். சாலை காலி. குளிர்ந்த காற்று. ஆறு, ஏழு கிலோமீட்டர் சவாரி. ஏற்றம் இறக்கமாக வேகத்தை மாற்றி ஓட்டத் தோதான நேரம். ஒன்பது மணிக்கு நெரிசல் ஆரம்பிக்கும்போது வண்டியை ஓரங்கட்டி, வீட்டுக்கு வந்து தூங்கிவிடுவார். மறுபடி மாலைக்குப் பதில் இரவு ஒன்பதுக்குமேல். சிக்னல் நீண்டதாக இருந்தால் என்ஜினை அணைத்துவிடுவார். பத்து நாளும் முழுச் சம்பாத்தியம் இருக்காது. ஆனால் அவர் வண்டி அவருடைய சொந்த வண்டி. யாருக்கும் வாடகை கட்ட வேண்டியது இல்லை. அதனால்தான் அவரால் முடிகிறது.

ஆயிலைப் பற்றி ஒரு வார்த்தை. புது என்ஜினில் முதலில் ஊற்றும் ஆயில் கழுவும் ஆயில் மாதிரி. ரிங்கும் சுவரும் தேய்ந்த தூள் எல்லாம் அதில்தான் சேரும். 500 கிலோமீட்டரில் அதை வடித்து, ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் பிடித்து வெயிலில் பாருங்கள். ஜிகினாப் பொடி போல மின்னும். அந்தப் பொடியோடு இன்னும் மூவாயிரம் கிலோமீட்டர் ஓட்டுவது, உப்புத்தாள் போட்டு பேரிங்கைத் தேய்ப்பதற்குச் சமம். அந்த ஆயிலையும், வண்டியில் ஆயில் பில்டர் இருந்தால் அதையும் அப்போதே மாற்ற வேண்டும். இந்தச் செலவை யார் கொடுப்பது என்பதிலும் சண்டை. ஓனர் "தினசரிப் பராமரிப்பு உன் பொறுப்பு" என்கிறார். இது தினசரிப் பராமரிப்பு அல்ல. என்ஜின் வேலையின் மிச்சம். ஓனர்தான் கொடுக்க வேண்டும். அந்த நாளிலேயே டாப்பெட் இடைவெளியையும் மெக்கானிக் ஒருமுறை சரிபார்த்துத் தரவேண்டும். கேஸில் ஓடும் வண்டிகளில் வால்வு உட்காரும் இடம் சீக்கிரம் தேயும் என்பதால் இது இன்னும் முக்கியம். கூலி கேட்டால் முதல் பில்லிலேயே சேர்த்துக் கேட்டுவிட வேண்டும்.

ஒரு துண்டுக் காகிதம்

குமாஸ்தா புத்தி, காகிதத்தில்தான் போய் நிற்கும். சிரித்தாலும் பரவாயில்லை.

பஞ்சாயத்துக்கு வந்த அந்த வழக்கில் எல்லாரும் வாயால் பேசினார்கள். "சொன்னேன்", "சொல்லவில்லை", "மெதுவா என்றால் என்ன", "உனக்குத் தெரியாதா". கையில் ஒரு வரி எழுத்து இல்லை. ரெயில் என்ஜினின் ஒவ்வொரு போல்ட்டுக்கும் பேப்பர் வைக்கிறோம். பதினைந்தாயிரம் ரூபாய் வேலைக்கு ஒரு துண்டுச் சீட்டு இல்லையா?

என்ஜின் மூடும் நாளில் மெக்கானிக் ஒரு சீட்டு எழுதட்டும். வண்டி எண், தேதி, அன்றைய கிலோமீட்டர். என்ன மாற்றப்பட்டது. எந்தக் கிலோமீட்டர் வரை எவ்வளவு வேகம். எந்தக் கிலோமீட்டரில் ஆயில் மாற்ற வரவேண்டும். அதன் கீழே ஓனர் ஒரு வரி எழுதட்டும்: இந்த நாள் முதல் இந்த நாள் வரை அரை வாடகை. மூன்று பேரும் கையெழுத்துப் போடட்டும். ஆளுக்கு ஒரு பிரதி. செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்தாலும் போதும்.

என்ன மொழியில் எழுதுவது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம்மவர்கள் கன்னடம் சரளமாகப் பேசுகிறார்கள். படிப்பது எல்லாருக்கும் வராது. ஓனருக்கோ தமிழ் எழுத்து தெரியாது. படிக்க முடியாத சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் அழுத கதைகள் இந்த ஊரில் நிறைய உண்டு. கன்னடத்தில் எழுதி, கீழே தமிழிலும் எழுதச் சொல்லுங்கள். எழுத ஆள் இல்லை என்றால் தெருவில் படிக்கிற பிள்ளையைக் கூப்பிடுங்கள். எண்களுக்கு மொழி கிடையாது. கிலோமீட்டரும் தேதியும் ரூபாயும் சரியாக இருந்தால் முக்கால்வாசிச் சண்டை வராது.

இந்தச் சீட்டு இருந்தும் டிரைவர் இரண்டாம் நாளே எலக்ட்ரானிக் சிட்டிக்குப் பறந்தால், நஷ்டம் அவருடையது. அதை நானே பஞ்சாயத்தில் சொல்லுவேன். சீட்டுப்படி ஓட்டியும் என்ஜின் பிடித்தது என்றால் லேத் வேலையையோ சரக்கையோ பார்க்க வேண்டும். பிஸ்டனுக்கு இடைவெளி குறைவாக விட்டிருக்கலாம். ரிங் முனைகளுக்கு நடுவே போதிய இடம் விடாமல் இருக்கலாம். அப்போது மெக்கானிக் பதில் சொல்ல வேண்டும். இன்று மூன்று பேரில் யார் பலவீனமோ அவர் தலையில் விழுகிறது.

ஆட்டோ சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். வாடகை பேசும்போது இந்தப் பத்து நாளையும் சேர்த்துப் பேசுங்கள். சங்கத்தின் பெயரில் சீட்டை அச்சடித்துப் பட்டறைகளுக்குக் கொடுத்தால் பெரிய செலவு ஆகாது. இரண்டு மொழியிலும் அச்சடித்துவிட்டால் எழுதும் வேலையும் மிச்சம்.

மின்சார ஆட்டோ வந்தால் ரிங்கும் இல்லை, ஆயிலும் இல்லை, இந்தப் பேச்சே இல்லை என்று ஒரு நண்பர் சொன்னார். வரட்டும். இப்போது தெருவில் நிற்பவை பெரும்பாலும் கேஸ் வண்டிகள். அவற்றுக்கு இன்னும் பல வருடம் என்ஜின் இறக்க வேண்டியிருக்கும்.

ஆயுதபூஜைக்கு முன்னால் என்ஜின் வேலை பார்த்து, பூஜை போட்டு, வாழைக்கன்று கட்டி ஓட்டவேண்டும் என்று பல ஓனர்கள் நினைப்பார்கள். பட்டறைகளில் அப்போது கூட்டம் இருக்கும், வேலையும் அவசர அவசரமாக நடக்கும். அந்த வரிசையில் வண்டி விடப் போகிறவர்கள், என்ஜின் பிரித்துக் கிடக்கும்போதே ஓனரிடமும் மெக்கானிக்கிடமும் அரை வாடகையையும் சீட்டையும் பேசி முடித்துவிடுங்கள். மூடி ஸ்டார்ட் செய்த பிறகு பேச்சு எடுத்தால், "முதலில் இன்றைய வாடகையை வை" என்றுதான் பதில் வரும்.